எக்ஸ்ரேயில் ஒரு பொட்டு, அதைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்பு

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 23 வயது. ஐடிஐ முடித்து வெல்டர் வேலை பார்க்கிறான். கத்தாரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து மெடிக்கலுக்குப் போனான். நெஞ்சு எக்ஸ்ரேயில் இடது பக்கம் மேலே ஒரு பொட்டு இருக்கிறது, டிபியாக இருக்கலாம் என்று அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். அவனுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பு மெலியவும் இல்லை. அரசு மருத்துவமனையில் சளி கொடுத்துப் பார்த்ததில் டிபி கிருமி இல்லை என்று வந்தது. பிறகு நாகர்கோவிலில் ஊசி மருந்து போட்டு சிடி ஸ்கேன் எடுத்தோம். இடது மேல் மடலில் பிராங்கியல் அட்ரீசியா, சளி தேங்கிய மியூக்கோசீல், சுற்றிலும் காற்று தங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட். பிறவியிலேயே உள்ளதாம். 23 வருஷம் தெரியாமல் ஒரு பிறவிக் குறை இருக்குமா?

உறவினர் ஒருவர், எதற்கும் ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டால் பொட்டு போய்விடும் என்கிறார். இன்னொருவர் கேன்சர் என்கிறார். இவனை வயிற்றில் சுமந்தபோது மணவாளக்குறிச்சி மணல் ஆலைப் பக்கம் குடியிருந்தோம். அதனால் வந்ததா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா? பத்தாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து இடது காறை எலும்பு உடைந்தது. அன்றும் எக்ஸ்ரே எடுத்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரே வெப்ராளமாக இருக்கிறது. கத்தார் இல்லையென்றால் தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்யும் டைவிங் கோர்ஸுக்கு அனுப்புங்கள், நல்ல சம்பளம் என்கிறார் ஏஜென்ட். கடலில் வளர்ந்த பையன், நீச்சலுக்குக் குறைவில்லை. அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசியில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டைவிங் கோர்ஸுக்கு அனுப்பாதீர்கள். ஏஜென்டிடம் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ஏன் என்பது கீழே வரும். உங்கள் கடிதத்தில் டிபி, கேன்சர், ஆபரேஷன் என்று பயந்த விஷயங்களில் பெரும்பாலானவை பயப்பட வேண்டாதவை. சம்பளக் கணக்காக எழுதிய அந்த ஒன்றுதான் உண்மையிலேயே ஆபத்தானது.

நீங்கள் அனுப்பிய படங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து செல்போனில் எடுத்தவை. அவற்றை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. ஆனால் சிடி ரிப்போர்ட்டை எழுதியவர் கவனமாக எழுதியிருக்கிறார். நான் சொல்வதெல்லாம் அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான்.

முதலில் என்ன இது என்று பார்ப்போம். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து இரண்டு நுரையீரலுக்கும் போகிறது. அப்புறம் ஒவ்வொன்றும் மடல்களுக்கும், மடலுக்குள் உள்ள சிறு பகுதிகளுக்கும் கிளை விடுகிறது. அந்தச் சிறு பகுதிக்கு செக்மெண்ட் என்று பெயர். உங்கள் மகனுக்கு இடது மேல் மடலின் உச்சியும் முதுகுப் பக்கமும் சேர்ந்த செக்மெண்டுக்குப் போக வேண்டிய கிளைக்குழாய், தொடங்க வேண்டிய இடத்திலேயே மூடியிருக்கிறது. பிராங்கியல் அட்ரீசியா என்பது இதுதான். அதற்கு அப்பால் உள்ள குழாய்கள் சரியாகத்தான் உருவாகியிருக்கின்றன. மற்ற குழாய்களைப் போலவே அவையும் உள்ளே சளியைச் சுரக்கின்றன. ஆனால் வெளியே போக வாசல் இல்லை. அந்தச் சளி வருஷக்கணக்கில் தேங்கி, குழாய் உருண்டு வீங்கி நிற்கிறது. எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைப் பொட்டு அதுதான். 1953-இல் ராம்சே, பைரன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். இந்தக் குறை அதிகம் காணப்படும் இடமே இடது மேல் மடலின் அந்த செக்மெண்ட்தான்.

இனி ஒரு கேள்வி வரும். குழாயே அடைத்திருந்தால் அந்தப் பகுதி காற்றில்லாமல் சுருங்கிப்போக வேண்டாமா? சுருங்கவில்லை, மாறாக உப்பியிருக்கிறது. மடை அடைபட்ட வயலுக்குப் பக்கத்து வயலிலிருந்து வரப்பு வழியாகத் தண்ணீர் கசிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். நுரையீரலின் காற்றறைகளுக்கு இடையிலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து அந்தத் துளைகளும் திறக்கின்றன, காற்று கசிந்து உள்ளே வருகிறது. மூச்சை விடும்போது துளைகள் குறுகிவிடுகின்றன, வந்த காற்று அவ்வளவு எளிதாக வடிவதில்லை. ஆகவே அந்தப் பகுதியில் எப்போதும் பழைய காற்று தங்கியிருக்கும். பழைய காற்றில் ஆக்சிஜன் குறைவு, எனவே உடம்பு அந்தப் பக்கம் ரத்தத்தையும் குறைத்தே அனுப்பும். எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு, ரத்தக்குழாய் வெள்ளை. காற்று கூடி ரத்தம் குறைந்த இடம், பக்கத்து நுரையீரலை விட ஒரு மாற்று கூடுதல் கறுப்பாகத் தெரியும்.

இந்தக் கறுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். மெடிக்கலில் எல்லாருடைய கண்ணும் வெள்ளைப் பொட்டின் மேல் விழுந்திருக்கிறது. அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒரே நாளில் எத்தனையோ ஃபிலிம் பார்க்கும் இடத்தில் வெள்ளைதான் முதலில் கண்ணில் படும். தவிர, பெரியவர்களுக்கு வரும் டிபி விரும்பித் தங்கும் இடமும் மேல் மடலின் உச்சியும் பின்புறமும்தான். இரண்டும் ஒரே முகவரியில் குடியிருப்பதால் வந்த சந்தேகம் இது. அந்த இடத்தில் பொட்டைப் பார்த்து டிபியாக இருக்கலாம் என்று எழுதியதில் தவறில்லை. அதற்கு மேல் பார்க்காமல் முடிவு கட்டினால்தான் தவறு.

டிபி பிடித்த நுரையீரல் வேறு மாதிரி இருக்கும். பொட்டைச் சுற்றி மொட்டு மொட்டாகச் சிறு புள்ளிகள் சிதறியிருக்கும், குழி விழுந்திருக்கலாம், பழையதானால் தழும்பு இழுத்து அந்தப் பக்கம் சுருங்கியிருக்கும், நெறிகட்டிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கும். உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இவை எதுவும் இல்லை. டிபி சுருக்கும். இங்கே சுருக்கம் இல்லை, உப்பல் இருக்கிறது. வாசல் பக்கம் ஒரு உருண்டை அல்லது விரல் விரலாகக் கிளைத்த வெள்ளை, அதற்கு வெளியே விசிறி மாதிரி விரிந்த கறுப்பு. இந்த இரண்டும் ஒன்றாக ஒரு இளைஞனின் படத்தில் இருந்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர்களில் பிராங்கியல் அட்ரீசியாவும் ஒன்று.

இதை உறுதி செய்ய ஒரு சின்ன வழி இருக்கிறது, செலவும் அதிகம் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே எப்போதும் "மூச்சை நல்லா இழுத்துப் பிடி" என்று சொல்லித்தான் எடுப்பார்கள். அதே ஆளை மூச்சை முழுவதும் விடச் சொல்லி இன்னொன்று எடுத்துப் பாருங்கள். நல்ல நுரையீரல் காற்றை விட்டுச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். காற்று சிக்கிய பகுதி மட்டும் அப்படியே கறுப்பாக நிற்கும். முதல் படத்தில் தெரியாத வித்தியாசம் இரண்டாவதில் பளிச்சென்று தெரியும். நுரையீரல் மருத்துவர் எழுதித் தந்தால் எந்த எக்ஸ்ரே மையத்திலும் எடுக்கலாம். இதற்காக மறுபடி சிடி எடுக்கத் தேவையில்லை.

சிடி ஸ்கேன் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, அந்த உருண்டையின் அடர்த்தி. சிடியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. இந்தக் கருவியைக் கண்டுபிடித்து 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில்தான் அந்த எண்ணைச் சொல்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் 14 என்று இருக்கிறது. அதாவது தண்ணீரை விடக் கொஞ்சம் கெட்டியான திரவம், சளிக்குப் பொருத்தமான எண். இரண்டாவது, ஊசி மருந்து போட்ட பிறகும் அந்த எண் ஏறவில்லை. கட்டியாக இருந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் இருக்கும், மருந்து சேர்ந்து எண் கூடும். தாறுமாறாகப் பின்னிய ரத்தக்குழாயாக இருந்தால் நெஞ்சுக்குள் உள்ள பெரிய ரத்தக்குழாய் அளவுக்கே பளபளக்கும். இரண்டும் நடக்கவில்லை. கேன்சர் என்று சொன்ன உறவினரிடம் இந்த வரியைக் காட்டுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குழாயின் வாசலில் ஒரு சிறு கட்டியோ, சின்ன வயதில் விழுங்கும்போது தவறி உள்ளே போன நிலக்கடலையோ, மீன் முள்ளோ அடைத்துக்கொண்டிருந்தாலும் அதற்குப் பின்னால் சளி தேங்கி ஏறக்குறைய இதே படம் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் ஒவ்வாமையாலும் விரல் விரலாகச் சளி அடைக்கும். அது பெரும்பாலும் ஒரே குழாயோடு நிற்காது, ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ என்ற புரதத்தின் அளவும் மிகவும் ஏறியிருக்கும். ஆகவே நுரையீரல் மருத்துவர் ஒரு தடவை பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு வாசலைப் பார்க்கலாம் என்று சொன்னால் மறுக்காதீர்கள். பெரும்பாலும் அங்கே பார்க்க எதுவும் இருக்காது. வாசலே இல்லாததால் சுவர் வழவழவென்று இருக்கும், அல்லது ஒரு குருட்டுக் குழி தெரியும். பார்க்க எதுவும் இல்லை என்பதும் ஒரு பதில்தான். அப்படியே உள்ளிருந்து கழுவிய நீரை டிபி பரிசோதனைக்கும் அனுப்பிவிடலாம்.

அதற்குக் காரணம் உண்டு. இருமலே இல்லாத பையனிடம் சளி கொடு என்றால் அவன் துப்புவது பெரும்பாலும் எச்சில்தான். நவீன ஜீன் பரிசோதனை எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும் எச்சிலில் தேடினால் கிருமி கிடைக்காது. அந்த ஒரு நெகடிவ் ரிசல்ட்டை மட்டும் நான் முழுதாக நம்ப மாட்டேன். உப்பு நீராவி பிடிக்கவைத்து ஆழத்திலிருந்து சளி எடுத்தோ, கேமரா வழியாக எடுத்தோ கல்ச்சர் போட்டால், அதாவது கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்த்தால், கேள்வி முடிந்துவிடும். கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை "எதற்கும் இருக்கட்டும்" என்று டிபி மாத்திரை வேண்டாம். இந்த யோசனையைத்தான் நான் மிகவும் கண்டிக்கிறேன். டிபி இருந்தால் அந்த மாத்திரை உயிர் காக்கும், அரசு இலவசமாகவே தருகிறது, ஆறு மாதமும் விடாமல் சாப்பிட வேண்டும். டிபி இல்லாத உடம்பில் அதே மாத்திரை கல்லீரலைக் கெடுக்கலாம், கண் நரம்பையும் தொடலாம். இதையெல்லாம் தாண்டி ஆறு மாதம் முடித்தாலும் அந்தப் பொட்டு அங்கேயேதான் இருக்கும், ஏனென்றால் அது மாத்திரைக்குக் கரையும் பொருள் இல்லை. அப்போது இன்னொருவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, மருந்துக்கு அடங்காத டிபி என்று அடுத்த கட்டத்துக்குப் போவார். போதாக்குறைக்கு, டிபிக்கு மருந்து எடுத்தவர் என்று உங்கள் மகன் பெயர் பதிவாகிவிடும். வளைகுடா மெடிக்கலில் பழைய டிபித் தழும்புக்கே அன்ஃபிட் போடுவார்கள். இல்லாத நோயின் பதிவை நாமாகவே உண்டாக்கிக்கொள்வானேன்?

23 வருஷம் தெரியாமல் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கும். இந்தக் குறை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வேலைக்கோ ராணுவத்துக்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியவருகிறது. காற்றுக்குழாய் அடைப்பு என்றதும் மூச்சு முட்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். எந்த இடத்தில் அடைப்பு என்பதைப் பொறுத்தது அது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் அறுவை மருத்துவராக இருந்த சோமர்வெல் டாக்டர் பெயரை நம் பக்கத்தில் கேட்டிருப்பீர்கள். 1924-இல் எவரெஸ்ட்டில் இறங்கி வரும்போது, பனிக்காற்றில் வெந்துபோன தொண்டைச் சவ்வு உரிந்து குரல்வளையில் அடைத்துக்கொண்டது. மூச்சு நின்று, இனி சாவுதான் என்று உட்கார்ந்துவிட்டவர், இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி ஒரு தள்ளு தள்ளியதில் அது வெளியே வந்து விழுந்தது. அது அடிமரத்தில் வந்த அடைப்பு, நிமிஷக் கணக்கில் ஆளை முடித்துவிடும். உங்கள் மகனுடையது ஒரு சிறு கிளை, அதுவும் அவன் முதல் மூச்சு விடும் முன்பே இல்லாமல் போனது. மீதி நுரையீரல் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலே வளர்ந்துவிட்டது.

எவ்வளவு அரிது என்றால், ஒரு கணக்கில் லட்சம் ஆண்களுக்கு 1.2 பேர். அதை அப்படியே நம் மாவட்டத்துக்குப் போட்டால், 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 18.7 லட்சம் மக்களில் பதினோரு ஆண்கள் வருவார்கள். எக்ஸ்ரேயே எடுக்காமல் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை, அதனால் உண்மையில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம்.

இப்போது அந்தக் காறை எலும்பு எக்ஸ்ரே. உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் பிடித்த வரி அதுதான். இடது காறை எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதற்குக் கீழே இடது நுரையீரலின் உச்சியும் கூடவே விழும், தவிர்க்க முடியாது. அன்று எல்லாரும் உடைந்த எலும்பைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்க்க யாருக்கும் காரணமில்லை. அந்த ஃபிலிம் வீட்டில் பரணிலோ அலமாரியிலோ கிடந்தால் தேடி எடுங்கள். கடற்காற்றில் ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாமல் அப்படியே கொண்டுபோங்கள். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் படத்தில் இதே பொட்டு இதே அளவில் இருந்தால், கேன்சர் பேச்சும் புது டிபி பேச்சும் அங்கேயே அடிபட்டுப் போகும். படத்தில் அந்த இடம் விழவில்லை என்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மணல் விஷயம். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் உள்ள தோரியத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களை விடக் கூடுதல். இது உண்மை. ஆனால் பிராங்கியல் அட்ரீசியாவுக்கும் கதிர்வீச்சுக்கும் தொடர்பு இருப்பதாக மருத்துவத்தில் எதுவும் இல்லை. இதே போன்ற மணல் உள்ள கேரளக் கடற்கரையில், கொல்லம் பக்கம் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்துப் பார்த்ததிலும் அந்தக் கதிர்வீச்சால் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. மணல் எடுப்பதைப் பற்றி ஊரில் நடக்கும் வழக்குக்கும் வாதத்துக்கும் வேறு பல நியாயங்கள் உண்டு. என் பதிலை அந்தச் சண்டையில் எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக வைக்க வேண்டாம்.

கருவில் நுரையீரல் நாலாவது வாரத்தில் மொட்டு விடுகிறது. பதினாறு வாரத்துக்குள் காற்றுக்குழாய்கள் கிளை விட்டு முடிந்துவிடுகின்றன. இந்தக் கிளை அறுந்தது எப்போது என்பதில் இரண்டு கருத்து உண்டு. ஐந்தாறு வாரத்தில் மொட்டின் நுனி தனியாகப் பிரிந்து, அதுவாகவே வளர்ந்துவிட்டது என்பது ஒன்று. எல்லாம் உருவான பிறகு அந்த இடத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் நின்று, குழாய் மூடிக்கொண்டது என்பது இன்னொன்று. அடைப்புக்கு அப்பால் குழாய்கள் நன்றாக உருவாகியிருப்பதால் இரண்டாவதைப் பலர் ஏற்கிறார்கள். எதுவானாலும் நீங்கள் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, குடியிருந்த இடத்தாலோ, தலைச்சுமை தூக்கியதாலோ வந்ததில்லை. பரம்பரையாக வருவதும் இல்லை. நாளைக்குப் பெண் பார்க்கப் போகும்போது இதை ஒரு குறையாக யாரும் பேச இடமில்லை.

ஆபரேஷன் இப்போது வேண்டாம். அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால், சளியில் ரத்தம் வந்தால், உப்பிய பகுதி நல்ல நுரையீரலை நெருக்கினால், அப்போது அந்த செக்மெண்டை மட்டும் துளை வழியாக எடுத்துவிடலாம். தொந்தரவே இல்லாதவனுக்கு எக்ஸ்ரே அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நெஞ்சைத் திறக்கச் சொல்லும் மருத்துவர் யாராவது கிடைத்தால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். காய்ச்சலும் இருமலும் சேர்ந்து மூன்று நாளைக்கு மேல் நின்றால் சாதாரண ஜலதோஷம் என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தேங்கிய சளியில் கிருமி புகுந்தால் உருண்டைக்குள் கீழே நீரும் மேலே காற்றுமாக ஒரு கோடு தெரியும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு விடட்டும். வெல்டிங் புகை நிமோனியாவைக் கூட்டக்கூடியது. பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி போடச் சொல்லியே பரிந்துரை இருக்கிறது. உங்கள் மகனுக்கு அது இரட்டை நியாயம். முகமூடியும் வேண்டும். இங்கே பட்டறைகளில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்களே, அது பத்தாது.

கத்தார் மெடிக்கல் பற்றி வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அவர்களுக்கென்று விதிகள் உண்டு. ஆனால் சிடி ரிப்போர்ட், கல்ச்சர் ரிசல்ட், மூச்சை விட்டு எடுத்த எக்ஸ்ரே, பழைய காறை எலும்பு ஃபிலிம், மூச்சுத் திறன் சோதனை இவற்றோடு ஒரு நுரையீரல் மருத்துவர், "இது பிறவிக் குறை, தொற்றும் நோய் இல்லை, மருந்து தேவையில்லை" என்று தெளிவாக எழுதித் தந்தால் மறு பரிசீலனை கேட்க ஒரு அடிப்படை கிடைக்கும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் நெஞ்சு நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து வரும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. போகும்போது ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் சென்டரில் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ முழுப் படத்தையும் வாங்கிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரேக்கு வேறு பையனை நிறுத்தி பாஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அங்கே போய் இறங்கியதும் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், கடன் வாங்கிக் கொடுத்த பணத்தோடு பையன் திரும்பி வருவான்.

விமானத்தில் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதால் உடம்புக்குள் சிக்கிய காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியலாம், ஆனால் மெதுவாக. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பறந்து போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய காற்றுப்பை எதுவும் இல்லை என்று நுரையீரல் மருத்துவர் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

கடலுக்கடியில் கணக்கு வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. சிலிண்டரிலிருந்தோ, மேலிருந்து வரும் குழாயிலிருந்தோ அழுத்தமான காற்றை அங்கே சுவாசிக்கும்போது அந்தக் காற்று கசிந்து கசிந்து இந்த உப்பிய பகுதியையும் நிறைக்கும். மேலே வரும்போது அது இரண்டு மடங்காக விரிய வேண்டும். நல்ல நுரையீரலில் விரியும் காற்று மூச்சோடு வெளியே போய்விடும். இவனுக்கு அந்தப் பகுதியில் வாசல் இல்லை, கசிந்து வடிய நேரமும் இருக்காது. நுரையீரல் கிழிந்துவிடலாம். காற்று நெஞ்சுக்கூட்டில் புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும், ரத்தத்தில் புகுந்தால் மூளைக்குப் போய் அங்கேயே விழுந்துவிடுவான். நீச்சல் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டைவிங் மெடிக்கலை ஒழுங்காகச் செய்கிற எந்த டாக்டரும் இந்த சிடியைப் பார்த்தால் அனுமதி தர மாட்டார். தராமல் இருப்பது நல்லது. ஆபத்து வெள்ளைப் பொட்டில் இல்லை, அதைச் சுற்றியுள்ள கறுப்பில்தான் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். பிராங்கோஸ்கோப்பி நன்றாக இருந்தாலும், கல்ச்சர் நெகடிவ் ஆனாலும், கத்தார்க்காரர்கள் ஃபிட் போட்டாலும் இந்தத் தடை மாறாது.

கடியப்பட்டணம், முட்டம் பக்கம் பையன்கள் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பார்களே, உங்கள் மகனும் போகிறவனாக இருக்கலாம். அது இவ்வளவு ஆபத்தில்லை. மேலே இழுத்த மூச்சோடு போகிறான், ஆழத்தில் அது சுருங்குகிறது, திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அதற்கு மேல் போகாது. ஆனால் கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மூழ்கினால் அது டைவிங்தான், ஆழம் கொஞ்சமே என்றாலும். சாதாரணச் சிப்பிக்குப் போவதையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடரட்டும். பழைய ஞாபகத்தில் போட்டி போட்டு ஆழம் பார்க்க வேண்டாம். வெல்டிங் வேலையைக் கரையில் தாராளமாகச் செய்யலாம்.

டைவிங் கோர்ஸுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், டைவிங்குக்குத் தகுதியில்லை என்று நுரையீரல் மருத்துவரிடம் தனியாக ஒரு கடிதம் எழுதி வாங்கி, அதை வைத்துத் திரும்பக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை மகன் எப்போதும் கையில் வைத்திருக்கட்டும். அடுத்த வருஷம் இதே மாதத்தில் ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து இப்போதைய படத்தோடு ஒப்பிட்டால் போதும், நடுவில் தொந்தரவு வந்தால் மட்டும் முன்னதாக.